மகரந்தம் குளிர் விடும்வரை

அரை மணி நேரம். அதற்கு முன்னால் மூடியைத் திறக்கக் கூடாது. எட்டு மாதம் ஃப்ரீஸரில் கிடந்த டப்பா, எடுத்த கையோடு திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே இறங்கி மகரந்தம் நனைந்துவிடும், நனைந்தால் அது வெறும் மஞ்சள் பொடிதான், மறுபடி குளிரில் வைத்தாலும் உயிர் வராது. இதை என் மனைவி சுகிர்தம் எனக்குச் சொல்லித் தரவில்லை. போனில் யாரோ ஒரு செடிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, இந்தப் பேச்சு எப்போது முடியும் என்று எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். எரிச்சல்பட்ட காதுதான் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. பத்தே காலுக்கு எடுத்தேன், பத்தே முக்காலுக்குத் திறக்கலாம், இப்போது மணி பத்து இருபது. டப்பா என்றால் பழைய ஃபிலிம் சுருள் டப்பா, என் கட்டைவிரல் அளவு, பெஞ்சின்மேல் வேர்த்துக்கொண்டு நிற்கிறது. அதன்மேல் ஒட்டிய வெள்ளைப் பட்டையில் ‘மணப்பாடு, ஆண், அக்டோபர்’ என்று எழுதியிருக்கிறாள், வலது கையால். அந்தக் கை இப்போது அவள் மடியில், யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்த சாமான் மாதிரி கிடக்கிறது. எதிரே சக்கர நாற்காலியில் இருக்கிறாள், தலையைச் சுற்றிக் கம்பளித் துண்டு, கொட்டகையின் பிளாஸ்டிக் கூரைக்கு மேலே கோத்தகிரியின் ஜூன் மாத மூடுபனி நகர்ந்துகொண்டிருக்கிறது. “குளிருதா?” என்று கேட்டேன். “செவ்வாக்கெழம” என்றாள். வெட்டிச் சொன்னாள், அப்படியென்றால் குளிரவில்லை. இழுத்துச் சொன்னால் ஆமாம், இரண்டு தரம் சொன்னால் பாத்ரூம். பக்கவாதம் வந்ததிலிருந்து அவளிடம் மிஞ்சியிருக்கும் ஒரே சொல் அது. ஏன் செவ்வாய்க்கிழமை என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன். “காரணம்லாம் கிடையாது சார், சிலருக்கு ஒரு வார்த்தை மாட்டிக்கும்” என்றாள். காரணம் இல்லாமல் எப்படி? முப்பத்து நாலு வருஷம் மின்சார லைனில் வேலை பார்த்தவன் நான், காரணம் இல்லாமல் ஒரு பீஸ் போனதை நான் பார்த்ததில்லை. அவள் விழுந்தது ஒரு வியாழக்கிழமை.

பத்து இருபத்திரண்டு. டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் சில்லென்று இருக்கிறது. என்னைச் சுற்றி எண்பத்தாறு செடிகள், எல்லாவற்றிலும் குடுவைகள், இலை நுனியிலிருந்து நரம்பு ஒன்று நீண்டு, கீழே வளைந்து, மறுபடி நிமிர்ந்து குடமாகத் திரண்டு, அதற்கு மேலே ஒரு மூடி. சிலது சுண்டுவிரல் அளவு, சிலது அரைப்படி கொள்ளும். நெப்பந்தஸ் என்று செடிக்காரர்கள் சொல்வார்கள். விளிம்பில் தேன், உள்சுவரில் வழுக்கல், அடியில் நீர், எறும்பு வரும், ஈ வரும், போனது போனதுதான். ஒரு தடவை ஒரு பல்லிக்குட்டி விழுந்து நீந்திக்கொண்டிருந்தது, நான் குச்சியால் எடுத்துவிட்டேன், “அது சாப்பாட்டுல கை வைக்கீரே” என்று அன்றைக்கு முழுக்கச் சண்டை. ஊரார் முன்னால் ‘என்னங்க’தான், வீட்டுக்குள் கோபம் வந்தால் ‘நீரு’, ‘ஒமக்கு’, எங்கள் நாசரேத் பக்கத்துப் பேச்சு. தபால் ஆபீசில் வேலை பார்த்தவள், ஊர் ஊராகப் பொட்டலம் கட்டி அனுப்பியவள், செடிகளுக்கும் தபால் ஆபீஸ் பெயர்தான் வைப்பாள். உடன்குடி, ஏரல், மெஞ்ஞானபுரம், மணப்பாடு. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்தால் நான் சட்டையைக் கழற்றுவேன், அவள் பட்டுச்சேலையோடு நேரே கொட்டகைக்குள் போவாள், “ஏரல் ஒரு குடுவை விட்டிருக்கு, வந்து பாருங்களேன்” என்று கூப்பிடுவாள், நான் போனதில்லை. ஒரு தடவையாவது போயிருக்கலாம். பத்தடிதான். ரிட்டயரானதும் ஊருக்குப் போவோம் என்றேன், இந்தச் செடிகள் அந்த வெயிலில் ஒரு வாரம் தாங்காது என்றாள், அதனால் என் மூட்டுவலியோடு இந்தக் குளிரிலேயே தங்கிவிட்டோம், அதற்காகச் செடிகளை நான் மனசுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன். இந்தச் செடிகளில் திசையன்விளையை மட்டும் எனக்குத் தெரியும். அதை வாங்கின அன்றைக்கு நானும் கூட இருந்தேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இலங்கை மலைநாட்டில் ஒரு நர்சரி, இந்தச் செடி மட்டுமே வளர்க்கிற இடம், கண்ணாடிக் கூடத்துக்குள் வரிசை வரிசையாக நின்றன. மூன்று நாள் பயணத்தில் இரண்டு நாள் அங்கேயே போயிற்று. கடைசியில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு நாற்று வாங்கினாள். எல்லாச் சான்றிதழையும் மூன்று பிரதி எடுத்து வைத்துக்கொண்டு விமானத்தில் அதை மடியிலேயே வைத்திருந்தாள், சாப்பாட்டுத் தட்டைக்கூட என் பக்கம் தள்ளிவிட்டாள். “இது ஆணா பெண்ணா?” என்று சும்மா கேட்டேன். இந்தச் செடியில் ஆண் தனி, பெண் தனி. “பூத்தாத்தான் தெரியும். பத்து வருசம் ஆகலாம்” என்றாள். “பெண்ணா இருந்தா நல்லா இருக்கும். மணப்பாட்டோட சேத்து விதை எடுத்துருவேன். உலகத்துல யாருகிட்டயும் இல்லாத செடி ஒண்ணு நம்ம வீட்டுல முளைக்கும்.” நம்ம வீட்டில் என்றாள். நான் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து இருபத்தேழு. அந்த வியாழக்கிழமை காலை ஏழரைக்குக் காப்பி குடித்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். நவம்பர், நல்ல மழை விட்டிருந்த நேரம். எட்டு மணிக்கு நான் பேப்பர் எடுத்தேன், எட்டரைக்குச் சட்டினி அரைக்க வருவாள் என்று பார்த்தேன், வரவில்லை, சரி, ஏதோ குடுவை விட்டிருக்கும் என்று நினைத்தேன். ஒன்பது மணிக்கு நானே ரொட்டியைச் சுட்டுத் தின்றேன், கோபத்தோடு தின்றேன், அது இன்னும் நாக்கில் இருக்கிறது, கருகின ரொட்டி. ஒன்பதரைக்கு டிவியில் செய்தி. அணை திறப்பு, பள்ளிகளுக்கு விடுமுறை. பத்து மணிக்கு ஒரு சத்தம் கேட்டது, பூனை தொட்டியைத் தள்ளிவிட்டதாக நினைத்தேன், எழுந்திருக்கவில்லை. பத்தரைக்குத்தான், இந்த வீட்டில் நான் ஒருத்தன் இருக்கிறேன் என்று ஞாபகப்படுத்தலாம் என்று சண்டை போடும் எண்ணத்தோடு போனேன். இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது. எவ்வளவு நேரமாகக் கிடந்தாளோ. அந்தச் சத்தம் அவள் காலால் தொட்டியை உதைத்ததாக இருக்கும், என்னைக் கூப்பிட்டதாக இருக்கும், அல்லது பூனையாகவே இருக்கும். கோயம்புத்தூர் டாக்டர் முதலில் கேட்டது, “எத்தனை மணிக்கு வந்துச்சு?” நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் ஒரு ஊசி உண்டாம். “தெரியல” என்றேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “வீட்டுலதானே இருந்தீங்க?” வீட்டில்தான் இருந்தேன் டாக்டர். பத்தடியில் இருந்தேன். இதை மகள் பியூலாவிடம் சொல்லவில்லை, போதகரிடம் சொல்லவில்லை, ஜெபத்தில்கூட நேராகச் சொல்லாமல் ‘என் அறியாமைகளை மன்னியும்’ என்று பொதுவாகப் போட்டு வைத்தேன். சுகிர்தத்துக்கு மட்டும் தெரியும். கிடந்தது அவள்தானே, எத்தனை மணி நேரம் என்று அவளுக்குத் தெரியும், அந்தக் கணக்கைச் சொல்ல அவளிடம் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் இருக்கிறது.

டப்பாவின் வேர்வை காய்ந்திருக்கிறதா என்று சுகிர்தம் எட்டிப் பார்க்கிறாள். முகத்தின் இடது பாதி ஆவலாக இருக்கிறது. வலது பாதி எதுவும் சொல்வதில்லை. “இன்னும் பதினஞ்சு நிமிசம் இருக்கு” என்றேன். “செவ்வாக்கெழம” என்று இழுத்தாள், தெரியும் தெரியும் என்பதுபோல. தெரியும்தான், எல்லாம் தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைச் சொல்லாமல் இந்த டப்பாவைத் திறக்க முடியுமா என்றுதான் காலையிலிருந்து பார்க்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கோயம்புத்தூரில் பியூலா வீட்டுக்கே கொண்டுபோனோம், தினம் பயிற்சி கொடுக்க அங்கேதான் வசதி. நானும் அங்கேயே இருந்திருப்பேன். இரண்டாவது வாரம் அவள் இடது கையால் என் சட்டையைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினாள். போ, போ என்று. பியூலா, “செடியைப் பாக்கச் சொல்றாங்கப்பா” என்றாள். வந்தேன். தனியாக இந்த வீட்டில், அவளில்லாத இந்த எண்பத்தாறு செடியோடு, வெந்நீர்க் கேத்தலையும் பைபிளையும் வைத்துக்கொண்டு ஐந்து மாதம். முதல் தடவையாகக் கொட்டகைக்குள் காலை முழுதும் நின்றேன். தண்ணீர் ஊற்றினேன், தாராளமாக ஊற்றினேன், எதிலும் குறை வைக்கக் கூடாது என்று. கொட்டகைக்குப் பின்னால் மூன்று நீலப் பேரலில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள், அடுத்த மழை வரைக்கும் அளந்து அளந்து ஊற்ற வேண்டிய தண்ணீர், நான் ஜனவரியிலேயே தீர்த்துவிட்டேன். அப்புறம் போர்வெல் மோட்டாரைப் போட்டு ட்யூபைப் பிடித்தேன். தண்ணீர் தண்ணீர்தானே. நாம் குடிக்கிற தண்ணீர், கேத்தலில் வெள்ளையாகப் படியும், அதனால் நமக்கென்ன ஆயிற்று. பிப்ரவரியில் குடுவைகள் விளிம்பு காய ஆரம்பித்தன. வெயில் என்று நினைத்து மேலே கட்டும் நிழல்வலையை இரண்டாக்கினேன். காய்ந்தவை அதிகம் குடிக்கும் என்று இன்னும் ஊற்றினேன். திசையன்விளை உயரமாக, ஒன்றரை ஆள் நீளத்துக்குக் கம்பில் ஏறியிருந்தது, பெரிய செடி என்பதால் அதற்கு இரண்டு பங்கு. மார்ச் இரண்டாவது வாரம் புது இலை நுனியில் குடுவை விடாமல் வெறும் கருப்பு முனையாக நின்றது. அப்போதுதான் அவளுடைய செடிக்கார நண்பர் ஒருவருக்கு, வயநாட்டில் நர்சரி வைத்திருக்கும் குரியனுக்கு, போன் செய்தேன். “என்ன வெள்ளம் கொடுக்குந்நு?” என்று கேட்டார், தண்ணீரைத்தான் வெள்ளம் என்பார். சொன்னேன். “மழைவெள்ளம் மாத்திரம் சாரே. மற்றது அதுக்கு உப்பு. வேரு பொள்ளிப்போகும்.” வெந்துபோகுமாம். அன்றைக்கே ஜீப் வைத்துக் காய்ச்சி வடித்த தண்ணீர் கேன் கேனாக வாங்கிவந்தேன், வேரைக் கழுவினேன், வேரைச் சுற்றியிருந்த பாசியை மாற்றினேன், மற்றவை பிழைத்தன. திசையன்விளை அடித்தண்டு கருத்து, கையால் தொட்டால் வழுவழுவென்று, இருபத்திரண்டாம் தேதி காலையில் தன் பாரம் தாங்காமல் மடிந்து விழுந்தது. பதினோரு வருஷம். ஆணா பெண்ணா என்று இனி யாருக்கும் தெரியாது.

பத்து முப்பத்தாறு. ஒரு தப்பை மூட இன்னொரு கம்பியை இழுத்துக் கட்டுவது. லைனில் இதை எவன் செய்தாலும் நான் காய்ச்சியிருப்பேன். குரியனிடம் கெஞ்சினேன். அதே வகை, அதே உயரம் இருக்கிறதா? இருந்தது. அவர் நர்சரியில் தாய்ச் செடியாக வைத்திருந்த ஒன்று, பெண் என்று ஏற்கெனவே தெரிந்த ஒன்று. தரமாட்டேன் என்றவர் சுகிர்தத்தின் நிலைமை கேட்டுக் கொடுத்தார். ஏப்ரலில் வந்தது. திசையன்விளை நின்ற அதே தொட்டி, அதே கம்பு, அவள் கையெழுத்தில் இருந்த அதே பெயர்ப்பட்டை. பட்டையை மண்ணில் செருகும்போது கை கூசியது. செத்த ஆளின் அடையாள அட்டையை இன்னொருத்தன் சட்டையில் குத்துவதுபோல. பியூலாவிடம் போனில் சொன்னேன். “சொல்லாதீங்கப்பா. பிரஷர் ஏறக் கூடாதுன்னு டாக்டர் எத்தனை தடவை சொன்னாரு. இன்னொண்ணு வந்தா தாங்க மாட்டாங்க. ஒரே மாதிரி செடிதானே, யாருக்குத் தெரியப்போகுது?” என்றாள். சரி என்றேன். அவள் சொன்னதில் பாதி உண்மை, மீதிப் பாதி எனக்குத் தேவைப்பட்டது. ஏப்ரல் கடைசியில் சுகிர்தம் வீட்டுக்கு வந்தாள். காரிலிருந்து இறக்கியதும் வீட்டுக்குள் போக மாட்டேன் என்று நாற்காலிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள், நேரே இங்கே கூட்டிவந்தேன். ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தாள். காய்ந்த விளிம்புகளைப் பார்த்தாள். இந்தச் செடியின் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள், அப்புறம் இடது கையை நீட்டி இலையை மெல்லத் தட்டினாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைத் தட்டுவதுபோல. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மே மாதம் உச்சியில் பூந்தண்டு கிளம்பியது, அவள் கைக்கு எட்டும்படி உச்சியை நாற்காலி உயரத்துக்கு வளைத்துக் கட்டிவிட்டேன். பச்சை மொட்டுகள் வரிசையாக. போன வாரம் அடியிலிருந்து ஒவ்வொன்றாக விரிய ஆரம்பித்தது, நடுவில் மகரந்தம் இல்லை, பருத்த சூலும் அதன்மேல் பளபளக்கும் தட்டையான முனையும்தான். பெண். சுகிர்தம் அழுதாள். பாதி முகத்தால் அழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கண்ணில் மட்டும் வழியும். ஃப்ரீஸர் பக்கம் கையைக் காட்டிக் காட்டி, “செவ்வாக்கெழம! செவ்வாக்கெழம!” என்று, கல்யாண நாளைக் கூவிச் சொல்வதுபோலக் கூவினாள். பதினோரு வருஷம் காத்திருந்தது பெண்ணாகப் பூத்துவிட்டது என்ற சந்தோஷம். நான் கொடுத்த பொய்ச் சந்தோஷம். ஏழு மாதத்தில் அவள் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான், அதையும் பிடுங்கிக்கொள்ள நான் யார்?

பத்து நாற்பத்திரண்டு. சுகிர்தம் நாற்காலிப் பக்கத்துப் பையிலிருந்து நோட்டை எடுக்கிறாள். தெரிந்த நோட்டுதான், நீல அட்டை, தபால் ஆபீஸ் ரிஜிஸ்டர் மாதிரி கோடு போட்டது. செடிக்கு ஒரு பக்கம், எங்கே வாங்கியது, எந்தத் தேதியில் எத்தனை இலை, எதோடு எதைச் சேர்த்தது. கடைசியில் சேர்க்கைகளுக்கென்று தனிப் பக்கம். அதைத்தான் திறந்து என் மடியில் வைக்கிறாள், பேனாவையும் கையில் கொடுக்கிறாள். இந்தக் கட்டத்தில் தாய்ச் செடி. அந்தக் கட்டத்தில் தந்தை. அவளுடைய சுத்தமான எழுத்துக்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது. தந்தை என்ற இடத்தில் மணப்பாடு என்று எழுதிவிட்டேன். தாய் என்ற இடத்தில் பேனா நிற்கிறது. எழுதினால் என்ன? மொத்தம் ஆறு எழுத்து. நாளைக்கு இந்த விதை முளைக்கும், செடிக்காரர்கள் வாங்கிப் போவார்கள், பெங்களூரில் ஒருத்தர், மலேசியாவில் ஒருத்தர், திசையன்விளை மகள் என்று எழுதி வைப்பார்கள், அதிலிருந்து பேத்தி வரும், எல்லாம் என் பேனாவிலிருந்து. சுகிர்தம் ஒரு பொட்டலத்தில் பின்கோடு தப்பாக இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு அனுப்பியவர் வீட்டுக்கே நடந்து போனவள். எழுதாவிட்டால்? எழுதாவிட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் ரத்தம் ஏறி, தலைக்குள் இன்னொரு குழாய் அடைத்து, அல்லது வெடித்து, இதே இடத்தில், இதே இரண்டு பெஞ்சுக்கு நடுவில், இந்தத் தடவை நான் பத்தடிகூட இல்லை, ஒரு முழத்தில் இருப்பேன். என்னங்க என்பதுபோல முகத்தைத் தூக்குகிறாள். நோட்டைத் தட்டுகிறாள். எழுதுங்க. அந்தக் கண் என்னைப் பார்க்கிறது, தரையில் கிடந்தபோது பார்த்த அதே கண், அன்றைக்கும் அதில் குற்றச்சாட்டு இல்லை, நான் வந்துவிட்டேன் என்பது மட்டும்தான் இருந்தது. வந்துவிட்டார், இனி அவர் பார்த்துக்கொள்வார். பேனாவை மூடினேன். “சுகிர்தம், ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. “இது திசையன்விளை இல்ல. அது மார்ச்சுல செத்துப்போச்சு. நாந்தான் கொன்னேன். பேரல்ல மழத்தண்ணி தீந்துட்டு. போர்த் தண்ணிய ஊத்துனேன். இது குரியன்கிட்ட வாங்கி நட்டது. பேரு மட்டும்தான் ஒன்னோடது.”

ஒன்றும் ஆகவில்லை. முதலில் ஒன்றுமே ஆகவில்லை. கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. சுகிர்தம் செடியைப் பார்த்தாள். இடது கைவிரல் தண்டின்மேல் கீழே கீழே இறங்கி, மண்ணைத் தொட்டு, அங்கேயே நின்றது. அப்புறம் அவள் கழுத்திலிருந்து சிவப்பு ஏற ஆரம்பித்தது, தாடை, கன்னம், காது, மூச்சு புஸ் புஸ்ஸென்று வந்தது. நான் எழுந்துவிட்டேன், பிரஷர் மெஷின் வீட்டுக்குள் இருக்கிறது, மாத்திரை வீட்டுக்குள் இருக்கிறது, போன் எங்கே, ஐயோ பியூலா சொன்னாளே, என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கக் கூடாதா, கர்த்தரே, நான் அவளுடைய தோளைப் பிடித்து, “ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, மூச்ச விடு” என்கிறேன், அவள் வாய் ஒரு பக்கமாக இழுத்துத் திறக்கிறது, வருகிறது, செவ்வாய்க்கிழமைதான் வருகிறது என்று பார்க்கிறேன், “கூறுகெட்ட மனுசா, போர்த் தண்ணியவா ஊத்துனீரு?” என்றாள். தெளிவாக. ஒரு எழுத்து சிதையாமல். எங்கள் ஊர்ச் சந்தையில் மீன்காரியிடம் பேரம் பேசுகிற அதே குரலில். நான் தோளைப் பிடித்தபடி நிற்கிறேன். அவளும் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுத் திகைத்துப்போய் இருக்கிறாள். “ஆமா” என்றேன். “ஆமா சுகிர்தம், போர்த் தண்ணியத்தான் ஊத்துனேன். இன்னொரு தடவ சொல்லு. திட்டு. என்ன வேணும்னாலும் திட்டு.” அவள் முயன்றாள். உதடு கூடிப் பிரிந்தது, நெற்றி நரம்பு புடைத்தது. “செவ்வாக்கெழம” என்றாள். கோபத்தோடு மறுபடியும் அதையே சொன்னாள், வேறு ஒன்றும் வரவில்லை, நோட்டை எடுத்து என் மணிக்கட்டில் பளீரென்று அடித்தாள். வலித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கை அடைத்துக்கொண்டது. சிவப்பு மெல்ல இறங்கியது. மூச்சு தன் வழிக்கு வந்தது. முந்நூறு தடவை படம் காட்டி, ‘இது பந்து, இது பசு’ என்று சொல்லச் சொல்லி வராத பேச்சு. மணி பத்து ஐம்பத்திரண்டு. ஏழு மாதத்துக்குப் பிறகு என் மனைவி என்னை ஒரு முழு வாக்கியம் திட்டியிருக்கிறாள். அதைக் கேட்ட சாட்சி எண்பத்தாறு செடிகள்.

நோட்டைத் தானே திருப்பினாள். ஒற்றைக் கையால், தாள் தாளாக. திசையன்விளையின் பக்கம். பதினோரு வருஷம் அங்கே இருக்கிறது, ‘இலை நான்கு’, ‘முதல் குடுவை, அரிசி அளவு’, ‘குடுவை பதினெட்டு செ.மீ., உள்ளே குளவி’. கடைசி வரி நவம்பரில், விழுவதற்கு இரண்டு நாள் முன்பு. அதற்குக் கீழே விரலை வைத்துத் தட்டினாள். ‘மார்ச் 22. செத்தது’ என்று எழுதினேன். மறுபடி தட்டினாள். ‘காரணம்: போர்த் தண்ணீர்.’ மறுபடி. இன்னும் என்ன? அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘ஊற்றியவர்: ஞானாபரணம்’ என்று என் பெயரை எழுதினேன். விரல் அங்கிருந்து நகர்ந்து பக்கத்தின் மேலே போனது, ஆண், பெண் என்று எழுதி எதிலும் குறியிடாமல் விட்டிருந்த கட்டத்தின்மேல் நின்றது. நெடுநேரம் நின்றது. அங்கே நான் என்ன எழுதட்டும்? ‘தெரியாது’ என்று எழுதினேன். அவள் விரலை எடுக்காமலே இருந்தாள், மை அவள் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் என் சட்டைப் பையில் கண்ணீரைத் துடைத்தாளா, மையைத் துடைத்தாளா, தெரியவில்லை, இரண்டும் பையில் இருக்கிறது. நான் சேர்க்கைப் பக்கத்துக்குப் போய், தாய் என்ற இடத்தில் ‘வயநாடு, குரியன் நர்சரி’ என்று எழுதிக் காட்டினேன். தலையாட்டவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. மகரந்தம் வெளியே வந்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. செத்ததற்காக உயிரோடு இருப்பதை வீணாக்குகிறவள் இல்லை அவள். டப்பாவைப் பார்த்து மோவாயை அசைத்தாள்.

திறந்தேன். உள்ளே கண்ணாடித்தாள் பொட்டலம், அதற்குள் மஞ்சள் துகள், காய்ந்து உதிரியாக இருந்தது, நனையவில்லை. சின்ன பிரஷ், பியூலா சின்ன வயதில் வாட்டர் கலருக்கு வைத்திருந்தது, நுனியில் தொட்டு முதல் பூவின் முனையில் தடவினேன். “ச்ச்” என்றாள் சுகிர்தம். நிறைய எடுத்துவிட்டேன் போல. குறைத்து எடுத்தேன், இரண்டாவது பூ, பளபளப்பின்மேல் தூசிபோலப் படிந்தது, சத்தம் இல்லை. மூன்றாவதில் மறுபடி அதிகம் எடுத்தேன், “ச்ச்”. நாலு, ஐந்து. முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள், பிரஷை மட்டும் பார்க்கிறாள், இது இன்றைக்குத் தீருகிற கோபம் இல்லை, ராத்திரிச் சாப்பாட்டை ஒதுக்குவாள், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் போகும், போகட்டும். அன்றைக்குப் பத்து மணிக்குக் கேட்ட சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது, கருகின ரொட்டியைப் பற்றியும், அதை இன்றைக்கே சொல்லலாமா, ஒரே நாளில் இரண்டு அவளுக்குத் தாங்குமா, பூ முடியட்டும், சாயங்காலம் பிரஷர் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். சொல்லிவிடுவேன். ஆறாவது பூவுக்கு நான் குனிந்தபோது என் கையிலிருந்த பிரஷை வாங்கிக்கொண்டாள். இடது கை, ஆடுகிற கை. முதல் தடவை தவறிக் காம்பில் மஞ்சள் கோடு விழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி நீட்டினாள், முனையைத் தொட்டது, ஒட்டியது. பிரஷைத் திருப்பித் தரவில்லை. அடுத்த பூ அவள் பக்கம் வரும்படி தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன்.